இடப்பக்கத்துச் சுழியம்

மூன்றாம் எண் எந்திரம்
வாரத்துக்கு ஒருமுறை வாயடைத்துப் போகிறது என்றார் வெய்யோ.
ரத்தம் ஓடும், சுத்திகரிப்பு நிற்காது,
கணக்கு மட்டும் சர்வருக்குப் போய்ச் சேராது.
அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.
"அதுதான் எனக்குப் பயம்" என்று
மருத்துவமனையின் நிலவறையில் ஒரு மேசை தந்தார்.

ஔலுவில் அப்போது ஜனவரி.
பகல் என்பது
யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்துச் சாத்துகிற நேரம்.

எந்திரம் சர்வரோடு
நாளைக்கு முப்பத்தாறு தரம் கைகுலுக்கும்.
முதலில் வணக்கம்; ஆளுக்கொரு தற்செயல் எண்.
பிறகு தன் ரகசியத்தை மடியில் முடிந்துகொண்டு
அதன் நிழலை மட்டும் எதிராளிக்கு அனுப்பும்.
வந்த நிழலைத் தன் ரகசியத்தோடு பிசைந்தால்
இரண்டு வீட்டிலும் ஒரே மாவு.
கம்பியில் காதை வைத்திருப்பவளுக்கு
பிசைந்த சத்தம்கூடக் கேட்காது.

காதை வைத்திருந்தவள் நான்தான்.

லைப்ரரி வழிவிடவில்லை.
அந்த அமைப்புக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள்,
உள்ளே என்ன என்று சொல்லவில்லை.
எழுதியவர் யாரோ
அடுக்களை வாசலில் திரை போட்டிருக்கிறார்.
நியாயம்தான்.
நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

ஆனால் ஒரு வரி உண்டு:
வேலை முடிந்ததும் ரகசியத்தைத் துடைத்துவிடுகிற வரி.
அதற்கு முந்தின வரியில் நிரலை நிறுத்தினேன்.
துடைப்பத்தை ஓங்கிய கை அந்தரத்தில் நிற்க
நினைவகத்தில் இன்னும் சூடாறாமல்
முப்பத்திரண்டு பைட்.
எடுத்துக் கோப்பில் எழுதினேன்.
கையை விட்டேன். அது துடைத்தது,
ஒன்றுமே நடக்காதது போல.

இப்படி ஆறு இரவு.
தோற்கப் போகும் ஒன்றைப் பிடிப்பதற்காக
ஜெயித்த இருநூற்றுக்கும் சாவி சேர்த்தேன்.
சேர்த்தால் திறக்கத் தோன்றும்.
திறந்தேன்.

எடை, முன்பு: 62.4. பின்பு: 60.1.
அழுத்தம். நேரம்.
குறிப்புக் கட்டத்தில் ரௌனி என்கிற செவிலி எழுதியிருந்தாள்:
"நான்காம் படுக்கை. ஜன்னலோரம் கேட்கிறார்.
ஆற்றில் பனி நடக்கிற அளவு இறுகிவிட்டதா என்கிறார் தினமும்.
இன்னும் இல்லை என்றே சொல்லி வருகிறேன்."

காப்பி ஆறிப்போனது.
அந்தப் பொய் எனக்கு அனுப்பப்பட்டதல்ல.

ஏழாம் இரவு, நாலு மணிக்கு மேல்,
எந்திரம் வாயடைத்தது.
இரண்டு பக்கத்து மாவையும் எடுத்து அருகருகே வைத்தேன்.
சர்வரிடம் முப்பத்திரண்டு பைட்.
எந்திரத்திடம் முப்பத்தொன்று.
சர்வரிடம் முதலில் நின்றது
ஒரு சுழியம்.

இடப்பக்கச் சுழியத்துக்கு மதிப்பில்லை என்று
யாரோ ஒரு நிரலாளர், பள்ளியில் படித்த ஞாபகத்தில்,
சீவி எறிந்திருக்கிறார்.
இருநூற்று ஐம்பத்தாறில் ஒருமுறைதான்
அது முன்னால் வந்து நிற்கும்.
முப்பத்தாறை ஏழால் பெருக்கிப் பாருங்கள்.
வாரத்துக்கு ஒன்று.
மதிப்பில்லைதான்.
இடம் இருந்தது.

திருத்தம் ஒரே வரி.
வெய்யோ அதைப் பார்த்துவிட்டு
"இதற்கா ஏழு இரவு?" என்றார், பிறகு
தன் பன்னில் பாதியைப் பிய்த்துத் தந்தார்.
சாவிக் கோப்பை அழித்தேன்.
மறுபடி தேடி, இல்லை என்று பார்த்தேன்.
படித்ததை அழிக்கிற வரி
என்னிடம் இல்லை.

புறப்படும் முன் மூன்றாம் எண்ணைப் பார்க்க மேலே போனேன்.
நான்காம் படுக்கை ஜன்னலோரம்தான் இருந்தது.
வெளியே ஆறு வெள்ளையாக, கெட்டியாக,
நடுவில் யாரோ துளையிட்டு உட்கார்ந்து தூண்டில் போட்டிருந்தார்கள்.
அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அந்தப் பெண் இன்னும் இறுகவில்லை என்கிறாள்," என்றார் என்னிடம்,
"நானும் சரி என்கிறேன்."

நான் யார் என்று கேட்டார். கம்பி வேலைக்கு வந்தவள் என்றேன்.
வலக்கையில் ஊசியும் குழாயும்.
இடக்கையை நீட்டினார்.